பாத்ரூமுக்கு நன்றி

சலவைக்கூடத்தில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். மருத்துவமனையின் பின்கட்டில் கொதிகலனும் துவைக்கும் பீப்பாய்களும் போடுகிற இரைச்சலில் சுவர்க் கடிகாரம் அடிப்பது யார் காதிலும் விழாது. டீக்கு நேரமானாலும், ஷிப்ட் முடிந்தாலும், படுக்கை விரிப்புகள் வெந்தது போதும் என்றாலும் அவள்தான் கத்துவாள். அவள் கத்தினால் மாடியில் நோயாளிகள்கூட மாத்திரை போட்டுக்கொள்வார்கள் என்று கேலி செய்வார்கள்.

வீட்டிலும் அவளுக்கு அதே உத்தியோகம்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

கணவர் மின்கட்டண அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கல்யாணமான புதிதில் யாரோ விற்கிறார்கள் என்று, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு சின்ன சினிமா கேமராவை வாங்கி வந்தார். விரல் அகலத்துக்குக் கறுப்பு வெள்ளை பிலிம். ஓட்டினால் முதலில் ஒரு பாதியில் படம் பதியும். ரீலைத் திருப்பிப் போட்டு ஓட்டினால் மறு பாதியில் பதியும். கழுவிக் காயவைத்த பிறகு நடுவில் நீளவாக்கில் கிழித்து, இரண்டு துண்டையும் ஒட்டினால் கொஞ்ச நேரத்துப் படம். அந்த ஊர் ஸ்டூடியோக்காரர்கள் இந்தப் பொடி பிலிமைத் தொட மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். சரி, நாமே கழுவுவோம் என்று டைப்பிஸ்ட் இறங்கினார். எங்கே இறங்கினார் என்றால், பாத்ரூமில். அந்த வீட்டில் இருந்ததே ஒரு பாத்ரூம்.

மரச்சட்டங்களை வட்டமாக அடித்து ஒரு பீப்பாய் மாதிரிச் செய்தார். இருட்டில் பிலிமை அதன்மேல் சுற்றி, தட்டில் ஊற்றிய மருந்தில் அடிப்பக்கம் நனைகிற மாதிரி வைத்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புப் பலகை, கதவிடுக்குக்குக் கம்பளி. உள்ளே கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். ஆரம்பத்தில் இருட்டில் மின்னும் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார். ஒரு ரீலில் வெள்ளைப் புகை படிந்தபோது பழி கடிகாரத்தின்மேல் விழுந்தது. அதற்கப்புறம் நேரம் சொல்ல வெளியே ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆளுக்கு எங்கே போவது? மணிக்கூண்டு வீட்டிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் சமையலறையில் மருந்தைக் கலப்பாள். துணியில் வடிகட்டி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து உள்ளே நீட்டுவாள். பிறகு கதவுக்கு வெளியே நின்று, "அஞ்சாச்சு... ஏழு... பத்தாச்சு, ஊத்துங்க" என்பாள். அடுத்து, பதிந்த வெள்ளியைக் கரைக்கும் கத்தரிப்பூ நிற மருந்து. அதற்குப் பிறகு விளக்கைப் போட்டு, பிலிமுக்கு வெளிச்சம் காட்டி, மறுபடியும் முதல் மருந்து. அப்போதுதான் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் திரும்பும். கத்தரிப்பூ நிறம் காய்ந்தால் தரையில் பழுப்புக் கறையாகும். அந்தக் கறையை முழங்காலிட்டுத் தேய்ப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணி, எனக்கு இன்னிக்கு டூட்டி. நான் எப்பக் குளிக்கறது?" என்று தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த நாத்தனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள்.

"உங்க அண்ணனைக் கேளு."

"அவன் உள்ள படம் காட்டிட்டிருக்கான். காது கேக்காது."

இப்படியே வருஷங்கள் போயின. டைப்பிஸ்ட் சினிமா கிளப் ஒன்றில் சேர்ந்தார். நாய் குரைப்பதை எடுத்தார், மழை பெய்வதை எடுத்தார், பஸ் நிலையத்தில் தூங்குகிறவர்களை எடுத்தார். நல்ல கண் அவருக்கு. அதை அவளே ஒப்புக்கொள்வாள். கடைசியில் ஒருநாள், "உங்க சலவைக்கூடத்தை எடுக்கணும். போட்டிக்கு அனுப்பலாம்" என்றார்.

அவளுக்கும் அது வெகுநாள் ஆசை. சூப்பர்வைசர் அம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரே ஒரு நாளுக்கு அனுமதி வாங்கினாள். அன்று சலவைக்கூடமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒருத்தி பூப்போட்ட சட்டை போட்டு வந்தாள். ஒருத்தி புருவம் தீட்டி வந்தாள். சூடான உருளையில் விரிப்புகளைக் கொடுத்து வாங்கும் கிழவியை எல்லாரும் ரோலரம்மா என்பார்கள். அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்று மகன் ஊருக்குப் போக இருந்தாள். கைகள் முழுக்கச் சூட்டுத் தழும்பு. "கையை எடுக்காதீங்க தம்பி, மூஞ்சியை மட்டும் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத்தான் நீட்டி நீட்டிக் காட்டினாள். மொத்தம் இரண்டு ரீல். முதல் ரீல் பூராவும் ரோலரம்மா. இரண்டாவது, விரிப்பு மடிக்கிற பெண்கள். இரண்டு டப்பாவும் வீட்டு ஃபிரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தன.

அந்த வாரமே கிளப்பில் டைப்பிஸ்டின் பழைய படங்களைத் திரையிட்டார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். "யாருடைய உதவியும் இல்லாமல், தன் வீட்டிலேயே, தன்னந்தனியாகப் பிலிம் கழுவும் கலைஞர்" என்று மைக்கில் சொன்னார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவள், கணவர் எழுந்து திருத்துவார் என்று பார்த்தாள். எழுந்தார். டாக்டருக்கு நன்றி சொன்னார். புரொஜெக்டர் இரவல் கொடுத்தவருக்கு நன்றி சொன்னார். மருந்துக் கடைக்காரருக்கு நன்றி சொன்னார்.

"கடைசியா, எங்க வீட்டு பாத்ரூமுக்கு நன்றி" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலிப் பெண்மணி அவள் தொடையில் தட்டி, "உங்க வீட்டுக்காரர் ரொம்பத் தமாஷ்" என்றாள். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது. பஸ்ஸில் அவர் என்னென்னவோ பேசினார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, அன்று இஸ்திரி போடத் தேவையே இல்லாத துணிகளையெல்லாம் எடுத்து இஸ்திரி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டைப்பிஸ்ட் பீப்பாயை எடுத்து வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். "என்னம்மா, ரெடியா? ரோலரம்மாவை இன்னிக்குக் கழுவிடலாம். மருந்து கலந்தாச்சா?"

"பாத்ரூமைக் கேளுங்க" என்றாள் அவள், சோபாவிலிருந்து.

"என்ன?"

"பாத்ரூமுக்குத்தானே நன்றி சொன்னீங்க. அதுவே கலக்கும். அதுவே நேரம் சொல்லும்."

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "ஒரு தமாஷுக்குச் சொன்னதை இவ்வளவு பெரிசு பண்றியே. புருஷன் பொண்டாட்டிக்குள்ள நன்றியா?"

"பாத்ரூமும் நம்ம வீட்டுக்குள்ளதான் இருக்கு. அதுக்குச் சொன்னீங்களே."

நாத்தனார் துண்டோடு வந்தாள். "அப்ப இன்னிக்குக் கழுவலையா? நான் குளிக்கலாமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

டைப்பிஸ்டுக்கு ரோஷம் வந்தது. ஒரு கடிகாரத்துக்காகக் கெஞ்சுவதா என்று நினைத்திருக்க வேண்டும். அந்த வாரம் தங்கையின் டேப் ரிக்கார்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்..." என்று செய்தி வாசிக்கிற குரலில் பதிவு செய்தார். அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். தன் இடத்துக்கு ஒரு பெட்டி வந்துவிட்டது.

ஆனால் எரிச்சலுக்கு நடுவே அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. அவர் பதிவு செய்தது கடிகாரத்தின் நிமிஷம். இத்தனை வருஷமாக அவள் சொன்னது கடிகாரத்தின் நிமிஷமே அல்ல.

ஆரம்பத்தில் ஒரு கோடையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப் போயின. துணியும் அப்படித்தானே, சூடான தண்ணீரிலிருந்து சீக்கிரம் எடுக்காவிட்டால் சாயம் போய்விடும். அடுத்த முறை தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, ஏழு நிமிஷத்திலேயே "பத்தாச்சு" என்று சொல்லிப் பார்த்தாள். படம் பளிச்சென்று வந்தது. அவர் தன் கைராசி என்று குதித்தார். சொன்னால் திட்டுவாரோ என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அப்புறம் சொல்லாமல் இருப்பதில் ஒரு ருசி வந்துவிட்டது. வெயில் நாளில் குறைப்பாள், மழை நாளில் கூட்டுவாள். என்றாவது ஒருநாள் அவரே கண்டுபிடித்துக் கேட்பார் என்றுதான் இருந்தாள். அவர் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு வெயில் மண்டையைப் பிளந்தது. டைப்பிஸ்ட் தானே மருந்து கலந்தார். மேஜைமேல் இருந்த பாட்டிலை அவள் போகிற போக்கில் தொட்டுப் பார்த்தாள். குழந்தைக்குக் கொடுக்கிற பால் அளவுக்குச் சூடு. ஐஸில் வைக்கணும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் அவளைப் பார்க்காமல் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாக்கு அப்படியே நின்றது.

கதவுக்குப் பின்னால் பீப்பாய் சுற்றும் சத்தம். "ஒரு நிமிடம்" என்றது டேப். அவள் கூடத்தில் நின்றாள். போனால் போகட்டும், பட்டுத் தெரியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டாள். "மூன்று நிமிடம்" என்றது டேப். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பது ரோலரம்மா என்ற நினைப்பு வந்தது. அவள் நீட்டி நீட்டிக் காட்டிய கை. இவருக்குப் பாடம் கற்பிக்க அந்தக் கையா கிடைத்தது?

"ஆறு நிமிடம்."

அவள் கதவைத் தட்டினாள். "போதும். ஊத்திடுங்க."

"டேப்பு இன்னும் பத்து சொல்லல."

"மருந்து சூடா இருக்கு. இப்பவே ஊத்துங்க. படம் போயிடும்."

"வெளிய நிக்க மாட்டேன்னு சொன்னவ இப்ப எதுக்கு வந்து கதவைத் தட்டறே? என் வேலையை நான் பாத்துக்கறேன்."

சலவைக்கூடத்தில் கத்துகிற குரலில் கத்தினாள். இருந்த இடத்திலிருந்தே கதவைத் தள்ளித் திறந்திருக்கலாம். திறந்தால் வெளிச்சத்தில் மொத்தமும் போய்விடும். அந்தக் கதவுக்கு முன்னால் அவள் அவ்வளவு பெரிய ஆளாக இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. டேப் நிதானமாக ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தது.

எல்லாம் முடிந்து, நனைந்த பீப்பாயை அவர் கூடத்துக்குத் தூக்கி வந்தபோது பிலிம் ஜன்னல் கண்ணாடி மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உருளையின் விளிம்பு மட்டும் சாம்பல் கோடாகத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. கை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை.

"மருந்துக் கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்றார் டைப்பிஸ்ட்.

"நல்ல மருந்துதான். அதிக நேரம் வெந்துடுச்சு."

"பத்து நிமிஷம்தானே? எப்பவும் பத்துதானே?"

"எப்பவும் பத்து இல்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். வெயில் நாளில் ஏழு, மழை நாளில் பன்னிரண்டு. பஸ் நிலையத்துப் படம் எட்டு. நாய்ப் படம் பதினொன்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் சிவந்தது.

"அப்ப இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கே."

"என்ன சொன்னீங்க?"

"நான் பத்து பத்துன்னு கிளப்புல எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கேன். பல் டாக்டர் குறிச்சு வச்சிருக்கார். பக்கத்துல இருந்துக்கிட்டே ஏமாத்தியிருக்கே."

"உங்க படம் நல்லா வரணும்னு பண்ணினது ஏமாத்தா? தரையைத் தேச்சுத் தேச்சு என் முட்டி கறுத்துப்போச்சு, அதுவும் ஏமாத்தா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உனக்கு எப்படித் தெரியும், நீ எப்படிப் பாக்கறேன்னு கேட்டீங்களா?"

"நீ ஏன் சொல்லல?"

"கதவு மூடியிருந்துச்சு" என்றாள்.

மறுநாள் வேலையில் ரோலரம்மாவிடம் சொல்லப் போகத்தான் அவளுக்குக் கால் வரவில்லை. டீ நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, படம் வெளுத்துப்போய்விட்டது என்றாள். ரோலரம்மா கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டினாள்.

"அதிகமா வெளுக்கறதுக்கு நம்மகிட்டயே குடுத்திருக்கலாமே" என்றாள் கடைசியில். "மகன்கிட்ட வேற சொல்லிட்டேன், உங்கம்மா சினிமாவுல வர்றான்னு. போகுது விடு."

போகுது விடு என்று அவள் சொன்னதுதான் மணிக்கூண்டுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

இரண்டாவது டப்பா ஃபிரிட்ஜில் இருந்தது. சனிக்கிழமை டைப்பிஸ்ட் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு நேரம்னு எழுதிக் குடு. நாளைக்கு நான் கழுவிக்கறேன்."

அவள் தாளைத் தள்ளினாள். "நான் கழுவறேன்."

"நீயா? பீப்பாயில சுத்தத் தெரியுமா? பிலிம் என்னோடது, கேமரா என்னோடது. கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"அதுல இருக்கற மூஞ்சியெல்லாம் என்னோடது. நாளைக்கு அதுங்க முன்னால நிக்கப்போறது நான். நீங்க இல்ல."

"இன்னொரு நாள் போய் எடுத்துக்கலாம்ல, எதுக்கு இவ்வளவு—"

"எந்த இன்னொரு நாள்? படம் எடுக்க விட்டதுக்கு சூப்பர்வைசரம்மாவை மேலிடத்துல கூப்பிட்டுக் கிழிச்சாங்க. இனிமே கேமராவை வாசல்ல வச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க."

"அண்ணா, விட்டுடு" என்றாள் நாத்தனார், தலை வாரிக்கொண்டே. "அண்ணி கழுவினா நான் குளிக்கற நேரத்துக்காவது முடிச்சுக் குடுப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் மருந்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்தினாள். தெர்மாமீட்டரை அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். டைப்பிஸ்ட் கதவருகே வந்து நின்று, "நான் நேரம் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம். உங்க பெட்டி போதும்."

டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இருட்டு கனமாக இருந்தது. பிலிமை வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எது என்று உதட்டில் ஒட்டிப் பார்த்துச் சுற்றினாள். ஒட்டுகிற பக்கம் வெளியே வர வேண்டும் என்று அவர் வாய் ஓயாமல் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒரு சுற்று வழுக்கி மேல் சுற்றில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்து மறுபடி சுற்றினாள். மருந்தை ஊற்றி, டேப்பைத் தட்டிவிட்டு, கைப்பிடியைச் சுழற்றினாள். இருட்டில் அவர் குரல், ஆபீசில் மேலதிகாரிக்குக் கடிதம் படிக்கிற மாதிரி, "ஒரு நிமிடம்" என்றது. இருட்டில் ஒரு குரல் நேரம் சொல்ல இங்கே நின்றால், எல்லாம் தானே செய்வதாக யாருக்கும் நினைப்பு வரத்தான் செய்யும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கும் கோபம் வந்தது.

"எட்டு நிமிடம்" என்றதும் தட்டைக் கவிழ்த்தாள். வெளியே நின்ற டைப்பிஸ்டுக்கு மருந்து கொட்டுகிற சத்தம் கேட்டது. "இன்னும் பத்து ஆகலையே" என்றார். பெட்டி உள்ளே ஒன்பது சொல்லிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை.

படம் வந்திருந்தது. இரண்டு இடத்தில் கீறல். ஓரத்தில் அவள் கட்டைவிரல் ரேகை ஒன்று. மற்றபடி நீராவி நீராவியாக இருந்தது, நிழல் நிழலாக இருந்தது. டைப்பிஸ்ட் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கீறலைப் பற்றியும் பேசவில்லை. "முதல்ல கிளப்புல ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

"முதல்ல சலவைக்கூடத்துல."

மதிய இடைவேளையில், மடிப்பு அறையில், வெள்ளை விரிப்புக்கு அங்கே என்ன பஞ்சம், சுவர் நிறையக் கட்டினார்கள். டைப்பிஸ்ட் லீவு போட்டுவிட்டுப் புரொஜெக்டரைத் தூக்கி வந்திருந்தார். படம் ஓட ஆரம்பித்ததும் இரைச்சல் கொதிகலனைத் தாண்டியது. "ஏய், உன் புருவத்தைப் பாரு." "நான் இவ்வளவு குண்டா?" "குண்டு இல்லடி, விரிப்பு அகலம்." விரிப்பின் நான்கு மூலையைப் பிடித்து இரண்டு பேர் நெருங்குவதும் விலகுவதும் நடனம் மாதிரி இருந்தது, தினமும் செய்கிறவர்களே வாயைத் திறந்து பார்த்தார்கள். நடுவில், பின்னால் ஒரு தள்ளுவண்டி குறுக்கே போயிற்று. வண்டியைத் தள்ளியது ரோலரம்மா. எடுத்தவருக்கே தெரியாமல் உள்ளே வந்து, கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய்விட்டாள். மறுபடி போடச் சொல்லி எல்லாரும் கத்தினார்கள். டைப்பிஸ்ட் திருப்பிச் சுற்றி மறுபடி போட்டார்.

"நல்லா இருக்கு தம்பி" என்றாள் ரோலரம்மா. "எல்லாம் நீங்களே பண்ணினதா?"

டைப்பிஸ்ட் லென்ஸை மூடிக்கொண்டிருந்தார். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எடுத்தது அவரு. கழுவினது நான். இதை மட்டும் இல்ல. எல்லாத்தையும்."

குரல் வழக்கமான உயரத்தில் இருந்தது. ஒருத்தி, "இங்கயும் வெளுத்து, வீட்டுலயும் வெளுக்கறியா?" என்றாள். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, புறப்படலாம் என்றா, தெரியவில்லை.

போட்டிக்கு அனுப்ப இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. கேமராவில் எடுத்துப் படத்தின் தொடக்கத்தில் ஒட்ட, பெயர் எழுதிய அட்டை. டைப்பிஸ்ட் கறுப்பு அட்டையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதுவார். எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். அன்று மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது கூடத்து மேஜையில் அட்டை காய்ந்துகொண்டிருந்தது. மேலே படத்தின் பெயர். நடுவில் அட்டையை அடைத்துக்கொண்டு அவர் பெயர். கீழே மூலையில், எறும்பு ஊர்கிற மாதிரி, "உதவி" என்று போட்டு அவள் பெயர்.

பையைக் கீழே வைக்காமலே அவள் ஈரத்துணியை எடுத்தாள். "உதவி" என்ற சொல்லை மட்டும் அழுத்தித் துடைத்தாள்.

"என்ன பண்றே? மதியத்திலிருந்து எழுதினது."

"'பிலிம் கழுவியவர்'னு போடுங்க. உங்க பேரு என்ன அளவோ அதே அளவுல."

டைப்பிஸ்ட் அட்டையை எடுத்துத் தூரப் பிடித்தார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். "அந்த அளவுல போட்டா இதுல பிடிக்காது. என் பேரைச் சின்னதாக்கணும். மொத்தமும் அழிச்சு முதல்லேருந்து எழுதணும்."

"எழுதுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் இறங்கி வருகிற அடையாளம் ஒன்றும் இல்லை. கையை நீட்டி ஈரத்துணியைக் கேட்டார். கொடுத்துவிட்டு, அழித்து முடிக்கிறவரை அவள் அங்கேயே நின்றாள்.